நியூட்ரோபில் வரி இல்லாத ரிப்போர்ட்

காதில் இல்லாத குரல்கள் கேட்கும் என் தம்பிக்கு, அதற்கான க்ளோசபின் மாத்திரை ஆரம்பித்து ஆறாவது வாரம். 12.5 மில்லிகிராமில் தொடங்கி, பயந்து பயந்து 200-க்கு வந்திருந்தோம். வெள்ளி ராத்திரியோடு மாத்திரை தீர்ந்தது. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய் ரிப்போர்ட்டை நீட்டினால், மருந்து கவுண்டரில் இருந்தவர் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பித் தள்ளினார். மொத்த வெள்ளை அணுக்களின் டோட்டல் கவுன்ட் 7,200 இருக்கிறது, அதில் கிருமியோடு சண்டை போடும் வகையான நியூட்ரோபில் எவ்வளவு என்ற வரியைக் காணோம். லேப்பில் விட்டுவிட்டார்கள், நானும் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன்.

அவர் கேட்டது நியாயம்தான். இந்த மருந்து சிலருக்கு நியூட்ரோபில்லை அடியோடு இறக்கிவிடும். அதற்காகத்தானே முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுக்கிறோம். ஆனால் "திங்கக்கிழமை வாங்க" என்றவர், இடையில் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஞாயிறு லேப் கிடையாது. திங்கள் மதியம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்பப் போட்டார்?" 48 மணி நேரம் தாண்டிவிட்டது. நேராக 200 கொடுத்தால் பிபி இறங்கி மயங்கி விழலாம். மறுபடியும் அந்த 12.5, அரை மாத்திரையிலிருந்து! அங்கேயே அழுதுவிட்டேன்.

விட்டுவிடவும் முடியாது. க்ளோசபினுக்கு முன்னால் கொடுத்த இரண்டு மருந்தும், மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற ரசாயனம் வந்து ஒட்டும் இடங்களை, அதாவது அதன் ஏற்பிகளை, இறுக்கி அடைப்பவை. உடல் அசைவுக்கும் அதே டோபமைன்தான் வேண்டும் என்பதால், குரல் நிற்பதற்கு முன் அவன் கை நடுங்க ஆரம்பித்தது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. க்ளோசபின் அந்த ஏற்பியை லேசாகத்தான் பிடிக்கிறது, செரடோனின் என்ற இன்னொரு ரசாயனத்தின் பக்கமும் வேலை செய்கிறது. ஆனாலும் மற்ற மருந்துகள் பலிக்காத சிலருக்கு இது பலிக்கிறது. ஏன் என்பது டாக்டர்களுக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லையாம்.

இப்போது மாத்திரை தீர இரண்டு நாள் இருக்கும்போதே ரத்தம் கொடுத்துவிடுகிறோம். லேப் வாசலிலேயே நியூட்ரோபில் வரியைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவேன். காய்ச்சல், தொண்டைவலி வந்தால் அன்றைக்கே டெஸ்ட். மலச்சிக்கலை மறைக்காமல் சொல்லுங்கள், இந்த மருந்தில் அது சின்ன விஷயம் இல்லை. பீடியைத் திடீரென்று விட்டாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்தத்தில் மருந்தளவு ஏறிவிடும்.

குரல்களை அமுக்க டிவியை அலறவிடுபவன், போன வாரம் என்னிடம் "அக்கா, சத்தத்தக் கொஞ்சம் குறையேன்" என்றான்.