விலக்கு

காரைக்குடி பஸ்ஸில் கண்டக்டர் "விலக்கு இறங்குறவங்க வாங்க" என்று கத்த, பக்கத்திலிருந்த சென்னைத் தம்பி "மதுவிலக்கு ஆபீஸாண்ணே?" என்றான். இல்லப்பா, ஊருக்குள் பிரியும் ரோடு. எங்கள் பக்கம் அதற்கு அதுதான் பெயர்.

அப்புறம் யோசித்தால், வேடிக்கையான சொல்தான். 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கில் அது தடை. வரிவிலக்கிலோ சலுகை! சரக்கை நம்மிடமிருந்து விலக்கினால் தடை, நம்மை வரியிலிருந்து விலக்கினால் சலுகை.

'சட்டவிரோதம்' என்றால் இந்தக் குழப்பமில்லை. ஆனால் அப்பத்தா அதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். முன்னால் ஒரு 'கள்ள' போட்டால் முடிந்தது: கள்ளநோட்டு, கள்ளச்சாராயம், கள்ளக்கடத்தல். இதில் நோட்டு மட்டும்தான் போலி. சாராயம் போதையேற்றுகிற அசல் சாராயமேதான், காய்ச்சி விற்பதுதான் குற்றம்.

தம்பி விலக்கில் இறங்காமலே போய்விட்டான்.