மகாவலியைப் பார்க்க மூதூர் வரை போங்கள்

இலங்கை போகிற நம்மவர்கள் பேராதனைப் பூங்காவில் நின்று நாலு படம் எடுத்துவிட்டு, மகாவலியைப் பார்த்தாச்சு என்று கிளம்பிவிடுகிறார்கள். எனக்குக் கோபமே வருகிறது. பூங்காவை வளைத்துக்கொண்டு ஆறு ஓடும் இடம் அழகுதான். ஆனால் 335 கிலோமீட்டர் ஓடும் ஆறு அது. தீவின் பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அதன் வடிநிலம்.

மேலே தலவாக்கலைப் பக்கம் போனால், மகாவலியில் சேரும் கொத்மலை ஓயாவை 2012-இல் ஓர் அணை கட்டி மறித்திருக்கிறார்கள். செயின்ட் கிளேயர் அருவிக்கு முன்பு போல் தண்ணீர் வருவதில்லை. டீக்கடை அக்கா ஒருவர், "எங்க பாட்டனார் புதுக்கோட்டைப் பக்கம் தம்பி" என்றார். தேயிலைத் தோட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தது வெள்ளைக்காரன். 1948 குடியுரிமைச் சட்டத்தால் அவர்களை நாடற்றவர்களாக்கியது சுதந்திர இலங்கை. தோட்டத் தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டிய லயக் காமராக்களில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன.

கண்டியிலிருந்து விக்டோரியா அணைக்கு ஆட்டோ பிடித்தேன். அந்த டிரைவரை நினைத்தால் இப்போதும் எரிகிறது. போய்வரப் பேசியது ஒரு தொகை. திரும்பியதும் காத்திருந்ததற்கு, மலை ஏறியதற்கு என்று தனித்தனியாகக் கேட்டு, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வாங்கிவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக் காசு அதில் போனது. கண்டியிலிருந்து தெல்தெனியாவுக்கு பஸ் ஓடுகிறது, அதில் போங்கள். அணை 122 மீட்டர் உயரம், வில்லாக வளைந்த கான்கிரீட் சுவர். ஆற்றில் அணைகள் கட்டி மின்சாரமும் பாசனமும் தரும் மகாவலித் திட்டத்தை, 30 வருடத்தில் முடிக்க வேண்டியதை, 1977-க்குப் பிறகு 6 வருடமாகச் சுருக்கினார்கள். பிரிட்டிஷ் பணத்தில் எழுந்த இந்த அணை 1985-இல் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனியா நகரம் தண்ணீருக்குள் போனது. நீர்மட்டம் நன்றாக இறங்கும் காலத்தில் பழைய கட்டடங்கள் தலைகாட்டுமாம். நான் போனபோது நீர்த்தேக்கம் ததும்பி நின்றது.

மின்சாரம் வந்தது, வறண்ட காடு வயலானது, உண்மைதான். ஆனால் பாசனம் கிடைத்த கீழ்நிலங்களில் சிங்களர், தமிழர், முஸ்லிம்கள் என்று யாரைக் குடியேற்றினார்கள் என்ற கேள்வி கிழக்கில் இன்னும் ஆறாத புண்.

சரி, மகாவலி கடலில் சேரும் மூதூருக்கு வருவோம். திருகோணமலையிலிருந்து பஸ், கிண்ணியாப் பாலம் தாண்டி, கங்கைப் பாலத்தில் மகாவலியைக் கடக்கிறது. மலையில் பாறையில் மோதிக் குதித்த ஆறு இங்கே கலங்கல் நிறத்தில், அவசரமே இல்லாமல், கொட்டியாரக் குடாவை நோக்கிப் போகிறது. இதே குடாவில்தான் 1660-இல் ராபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி கண்டி அரசன் ராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார்; தப்பிக்கப் பத்தொன்பது வருடம் ஆனது. 2006-இல் வெருகல் பக்கம் மாவிலாற்றுப் பாசன மதகைப் புலிகள் மூடியதில் ராணுவத்தோடு சண்டை வெடித்து, மூதூர் ஊரே இடம்பெயர்ந்தது. அந்த ஆகஸ்ட்டில் 17 தொண்டு நிறுவன ஊழியர்கள் இங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இவ்வளவையும் சுமந்த ஊரில் நான் பார்த்த சுற்றுலாப் பயணிகள் யாருமில்லை.

அப்புறம் சாப்பாடு! பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு சின்னக் கடை. சிவப்பரிசிச் சோறு, புளி தூக்கலாக மீன்குழம்பு, பொரித்த மீன், தேங்காய்ச் சம்பல். கடைக்காரர் கேட்காமலே இரண்டாம் முறை குழம்பு ஊற்றினார். அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை. இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதிலேயே மலிவானதும் ருசியானதும் இதுதான். காலையிலேயே திருகோணமலையில் பஸ் ஏறிவிடுங்கள், மதியத்துக்கு மேல் போனால் மீன் தீர்ந்துவிடும்.