மணல் போட்டீங்களா சார்?

கடலூர் சிப்காட்டிலிருந்து புதுச்சேரிக்கு எங்கள் ஆய்வுக்கூடம் தேடி வந்த ஃபிட்டர் அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான். "உப்பு டெஸ்ட் பண்ணீங்க, சரி. அதுல மணல் போட்டீங்களா சார்?"

கடல்நீர் பம்பின் ஷாஃப்ட் ஸ்லீவுக்கு, அதாவது சுழலும் தண்டின் மேல் மாட்டும் உறைக்கு, நிக்கல்-பாஸ்பரஸ் பூச்சு. மின்சாரம் இல்லாமல் ரசாயனக் குளியலிலேயே படிவது. பாஸ்பரஸ் 10 சதவீதத்துக்கு மேல். எடுத்தபடியே விட்டால் படிக அமைப்பு கிடையாது, உப்பு இறங்க எளிதில் வழி விடாது. ஆனால் கடினம், விக்கர்ஸ் அளவுகோலில், 500 சுற்றித்தான். 400 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் நிக்கல் பாஸ்பைடு உருவாகி 900 பக்கம் போகும். கூடவே பூச்சு சுருங்கி மயிரிழை விரிசல் விடும். அது வழியாகக் குளோரைடு அடியிலுள்ள எஃகுக்கே போய்விடும். சூடாக்க வேண்டாம் என்று முடிவெடுத்தது நான்தான்.

இன்றைக்குக் கேட்டாலும் காரணம் சொல்வேன். தேய்ந்தால் ஒழுக்கு கூடும், ஆள் பார்த்துவிடுவார். பூச்சுக்கடியில் பரவும் துரு கண்ணில் படாது.

அவர் பையிலிருந்து பழைய ஸ்லீவை எடுத்து மேசையில் வைத்தார். தண்ணீர் ஒழுகாமல் சுற்றி அடைக்கும் கிளாண்ட் பேக்கிங் உட்காரும் இடத்தில் வளையம் வளையமாகப் பள்ளம். விரலை ஓட்டிப் பார்த்தேன், நகம் மாட்டியது. "இது துருவா சார்?" இல்லை, மணல் அறுத்தது. மணலிலுள்ள குவார்ட்ஸ் 1000 விக்கர்ஸுக்கு மேல், 900 கூட அதற்கு முழுசாகத் தாங்காது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால், அப்போ 500 எப்படித் தாங்கும் என்றுதான் கேட்டிருப்பார்.

உப்புத் தெளிப்புச் சோதனையில் 5 சதவீத உப்புக் கரைசல், 35 டிகிரி, நிற்காத மூட்டம். எங்கள் மாதிரிகள் நன்றாகவே தாங்கின. அந்த முடிவில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஐப்பசி மழையில் உப்பனாறு கலங்கி வரும்போது அந்த பம்ப் எதையெல்லாம் இழுக்கும் என்று சொல்ல அவர்தான் சரியான ஆள்.

சூடாக்காத பூச்சுள்ள புது ஸ்லீவை நீட்டி, "முதல்ல இதைப் போட்டுப் பாருங்கண்ணே" என்றேன். "நீங்க சொன்னா போடுறேன் சார்" என்று வாங்கிக்கொண்டார். அதுதான் உறுத்துகிறது. கேள்விக்குப் பதில் கிடைத்து அவர் ஒத்துக்கொள்ளவில்லை. படித்தவன் சொல்கிறான் என்று விட்டுக்கொடுத்தார்.

அடுத்த ஷட்டவுனில் அதைக் கழற்றும்போது நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். துரு இல்லாமல் பள்ளம் மட்டும் விழுந்திருந்தால், என் கணக்கு சரி என்று எடுத்துக்கொள்வதா, அவர் கேள்வி சரி என்றா?