தாளுக்குள் களைக்கொல்லி அடிக்கும்போது

காவிரி டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்ததும் பல ஊர்களில் உழாமலேயே, அறுத்தபின் நிற்கும் நெல் தாளுக்கு நடுவே பருத்தி ஊன்றுகிறார்கள். நெல் தரிசுப் பருத்தி என்று பெயர். அதற்கு முன்னால் கோரை, அருகு, அடித்தாளில் துளிர்க்கும் நெல் எல்லாம் காய வேண்டும். திருவாரூர் பக்கம் உதவி வேளாண்மை அலுவலராக இருக்கும் என்னிடம் எல்லோரும் கேட்பது, எந்த மருந்து அடிக்கலாம் என்றுதான். எவ்வளவு தண்ணீர், எந்த நாசில் (தெளிப்பானின் முனை) என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் கவலை.

அறுவடை மெஷின் விட்டுப் போகும் தாளுக்கு அடியில்தான் களை இருக்கிறது. அடிக்கிற மருந்தில் ஒரு பங்கு காய்ந்த தாளிலேயே பட்டு வீணாகிறது. இலையில் அறுவடைத் தூசி படிந்திருந்தால் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி அந்த மண்ணோடு ஒட்டிக்கொண்டு செயலிழக்கும். கலங்கல் வாய்க்கால் தண்ணீரில் கலந்தாலும் அப்படித்தான். (இந்த மருந்தைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணையிட்டது. பலருக்கு இது இன்னும் தெரியாது.)

களை சாகவில்லை என்றதும் பூச்சிமருந்துக்கு வைத்திருக்கும் கூம்பு நாசிலை மாட்டி, அழுத்தத்தைக் கூட்டி, புகை மாதிரி அடிக்கிறார்கள். துளியின் விட்டம் பாதியானால் அதே தண்ணீர் 8 மடங்கு துளிகளாகும், உண்மைதான். ஆனால் அவ்வளவு லேசான துளி தாளுக்குள் இறங்குவதற்கு முன்பே காற்றோடு போய்விடும்.

பக்கத்தில் பருத்தி முளைத்திருந்து, மருந்தில் 2,4-டி என்ற களைக்கொல்லி கலந்திருந்தால் பெரிய சேதம். பருத்தி அந்த மருந்தைத் துளிகூடத் தாங்காது. இலைகள் வெண்டை இலை போல விரல் விரலாகப் பிரிந்து குறுகிவிடும். ஒரு கிராமத்தில் அப்படி ஒரு வயலைப் பார்க்கப் போனேன். அடித்தவரும் பறிகொடுத்தவரும் பங்காளிகள், ஏற்கெனவே வரப்புத் தகராறு உள்ளவர்கள். வேண்டுமென்றே செய்யவில்லை என்று புரிய வைக்க முடியவில்லை.

"காத்தே இல்ல சார், இப்பவே அடிச்சிரலாம்" என்று மாசி மாத விடியலில் சொல்வார்கள். அதைத்தான் நான் தடுப்பேன். வீட்டுப் புகை மேலே போகாமல் வயல் மேல் தட்டையாகப் படர்ந்தால், தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று தங்கியிருக்கிறது என்று அர்த்தம். நுண்துளிகள் அதில் மிதந்து எந்தப் பக்கம் நகரும் என்று சொல்ல முடியாது. வெயில் ஏறி, பனி உலர்ந்து, இலை லேசாக அசையும் நேரம் நல்லது. காற்று எந்தத் திசை என்று அப்போதுதான் தெரியும். கடற்காற்று வலுத்துவிட்டால் நிறுத்திவிட வேண்டும்.

களைக்கொல்லிக்கு விசிறி நாசில், குறைந்த அழுத்தம், தாழ்ந்த கை, நிதான நடை. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர். துளி பெரிதாக இருந்தால் பறக்காது, தண்ணீர் தாராளமாக இருந்தால் தாளைத் தாண்டியும் களை நனையும். 2,4-டிக்குத் தனி டேங்க் வேண்டும்; கழுவினாலும் மிஞ்சும் கொஞ்சமே அடுத்த முறை பருத்தியைக் கெடுக்கும்.

200 லிட்டர் என்றால் 16 லிட்டர் டேங்கில் 12 டேங்குக்கு மேல் வரும். கூலி டேங்குக் கணக்கு. அதனால் விவசாயி ஆறு டேங்கிலேயே நிறுத்தச் சொல்கிறார். ஏக்கர் கணக்கில் பேசினால் அடிப்பவர் சீக்கிரம் முடிக்க வயலில் ஓட்டமாக நடக்கிறார். ஆகவே இப்போதெல்லாம் 12 டேங்குக்கான கூலியை முதலிலேயே பேசி முடிக்கச் சொல்கிறேன். சிலர் ஒப்புக்கொள்கிறார்கள்.