கியூவீன் மலையில் விளக்கை அணைத்துவிட்டு

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஓர்க்னி தீவுகளில் சில வாரங்கள் லேசர் ஸ்கேனரால் அளவெடுக்கும் வேலை பார்த்தேன். புதிய கற்கால ஈமக்கூடங்களைக் கல் விடாமல் பதிவு செய்ய வேண்டும். அங்குள்ள பெரிய ஈமக்கூடமான மேஸ்ஹோவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என் மனதில் நிற்பது, ஃபின்ஸ்டவுன் என்ற ஊருக்கு மேலே கியூவீன் மலைச்சரிவில் இருக்கும் சிறிய கூடம்தான்.

நிமிர்ந்து நுழைய முடியாத வாசல். கருவிப் பெட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு, கையும் முழங்காலும் ஊன்றித் தவழ வேண்டும். உள்ளே போனதும் எழுந்து நிற்கலாம். சுற்றிலும் நான்கு சிற்றறைகள். சாந்து எதுவும் கிடையாது. அந்தத் தீவுக் கல் பலகை பலகையாகப் பிளக்கும். அதை வரிசைக்கு வரிசை கொஞ்சம் உள்ளே தள்ளி அடுக்கியே சுவரை மேலே குறுக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஐயாயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. நான் பார்த்த கட்டுமானங்களில் இவ்வளவு நிதானமான கைவேலை குறைவு.

முதல் நாள் அவசரமாக முடித்தேன். இரவு கணினியில் பார்த்தால் ஒரு சிற்றறையின் மூலை பதிவாகவே இல்லை, வெறும் கறுப்பு. தவறு என்னுடையதுதான். மறுநாள் திரும்பப் போவதற்கு முன், 1901-இல் அங்கே நடந்த அகழாய்வைப் பற்றிப் படித்தேன். குறைந்தது எட்டு மனிதர்களின் எலும்புகளோடு 24 நாய் மண்டையோடுகள் கிடைத்திருக்கின்றன. அவை இருந்தது நடுக்கூடத்தின் தரையில். முந்தின நாள் நான் ஸ்கேனரின் முக்காலியை ஊன்றிய அதே தரை.

அந்த நாய்கள் கூடம் கட்டி 500 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து வைக்கப்பட்டவை என்பதுதான் என்னை உலுக்கியது. கட்டியவர்கள் போய் இருபது தலைமுறை ஆன பிறகும் யாரோ இது தங்கள் இடம் என்று நினைத்து வந்திருக்கிறார்கள். அவர்களும் இதே வழியில்தான் குனிந்து வந்திருக்க வேண்டும். ஏன் நாய்கள்? குலச்சின்னமாக இருக்கலாம் என்கிறார்கள். கூடவே வளர்ந்த பிராணிகளைப் பிரிய மனமில்லாமல் கொண்டுவந்ததாகவும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

இரண்டாம் நாள் முக்காலியின் கால்களுக்கு அடியில் துணி வைத்தேன். லேசருக்கு வெளிச்சம் தேவையில்லை. கருவியைச் சுற்ற விட்டு, விளக்கை அணைத்து, அதன் பார்வையில் படாமல் நடைவழியில் குனிந்து உட்கார்ந்தேன். மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்டது. அது நின்ற பிறகும் வெகு நேரம் நான் விளக்கைப் போடவில்லை.