முதல் வெள்ளியும் சிவலை நாயும்

பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் மூன்று முறை தொலைபேசி எடுத்துவிட்டார். கிரிக்கெட்டையும் விடுதிப் பாணையும் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் பூசைக்கு உதவிய பெடியன். அதைத்தான் எழுதலாம்.

1975இல் விடுதிக்கு வந்தேன். மாதத்தின் முதல் வெள்ளி விடியற்காலையில், எழும்பி நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்குச் சுவாமி, அதாவது எங்கள் கத்தோலிக்கக் குருவானவர், பூசையில் இயேசுவின் உடலாக அர்ச்சித்த அப்பமான நற்கருணையைக் கொண்டுபோவார். ஒரு பெடியன் கைமணியும் அரிக்கன் லாம்புமாக முன்னே நடக்க வேண்டும். மணி கேட்டால் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறவரும் அவசரமாக வாயைக் கொப்பளித்துவிட்டு முழங்காலில் இருப்பார். நற்கருணை வைத்த சிமிழைச் சிறிய பையில் போட்டுக் கழுத்தில் மாட்டி, அதன்மேல் வலக்கையை வைத்தபடி சுவாமி வருவார். வழியில் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

அப்படி ஒரு வெள்ளி, கிடுகு வேலிப் பொட்டுக்குள்ளால் சிவலை நாய் ஒன்று பாய்ந்து வந்தது. ஓடினால் பின்னால் சுவாமி. நின்றால் முன்னால் நாய். வேறு வழி தெரியாமல் மணியை அதன் மூக்குக்கு நேரே பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கம் முழங்காலில் இருந்த அம்மா, என்ன நினைத்தாரோ, மும்முறை நெஞ்சில் தட்டிக்கொண்டார். நாய்க்கு மட்டும் பக்தி வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். சுவாமியின் கை சிமிழை விட்டு அசையவில்லை. தோள்கள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

அன்று நாங்கள் போன ஆச்சியின் வீட்டில் சின்ன மேசையில் வெள்ளைத் துணி, இரண்டு மெழுகுதிரி, ஒரு கிளாஸ் தண்ணீர். நற்கருணை கொடுத்து, செபம் முடித்து, கொஞ்ச நேரம் எல்லோரும் மௌனமாக இருந்தோம். அப்புறம் சுவாமி முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நாய்க் கதையைத் தொடங்கினார். என்னை நடித்தும் காட்டினார். ஆச்சி சிரித்துச் சிரித்து இருமல் வந்து, குசினியிலிருந்து மருமகள் பயந்து ஓடிவந்தார். புறப்படும்போது சுவாமி கூரையை அண்ணாந்து பார்த்து, "ஒழுகுதோ?" என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை விடுதிப் பெடியள் எட்டுப் பேர் அந்தக் கூரைக்குக் கிடுகு சுமந்தோம். என் தோளில் இருந்த ஈர்க்குக் கீறல் ஆறப் பத்து நாள் ஆனது.

வெறும் சிமிழோடு திரும்பும்போதுதான் கேட்டேன். "சுவாமி, நற்கருணை வாங்கின கையோட அப்பிடிச் சிரிக்கலாமோ?"

"மாதா வாசலுக்குப் போனதும் எலிசபெத்தின்ர வயித்துக்குள்ள இருந்த பிள்ளையே துள்ளினது. நீ என்னடா எண்டால் சிரிக்கலாமோ எண்டு கேக்கிறாய்."

மன்னார் மடு மாதா கோயிலின் ஆடித் திருவிழா ஏன் யூலை 2 என்று வகுப்பில் அவர்தான் விளக்கியவர். பழைய நாட்காட்டியில் அது, பிள்ளைத்தாச்சியாக இருந்த தன் உறவினர் எலிசபெத்தை மாதா போய்ச் சந்தித்த திருநாள். 1969இல் உரோமை அதை மே 31க்கு மாற்றியது, மடு மாற்றவில்லை. நாசரேத்திலிருந்து யூதேயா மலைநாடு, நம் கணக்கில் யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவரை நடப்பது போல. "போய்ப் பிரசங்கம் வைக்கேல்லை. மூண்டு மாதம் நிண்டு உலை வச்சுக் குடுத்தவ," என்பார். 1687இல் கோவாவிலிருந்து கூலிக்காரர் வேடத்தில் வந்து, கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த ஒல்லாந்தர் கண்ணில் படாமல் யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் தங்கி இரவிரவாகப் பூசை வைத்த யோசேவ் வாஸ் அடிகளாரையும் இழுப்பார். பரீட்சைக்கு அதெல்லாம் வரவில்லை.

நற்கருணையைக் கையால் தொடுவேன் என்று அப்போது நான் கனவிலும் நினைக்கவில்லை. குருவல்லாதவர்களும் நற்கருணை கொடுக்க 1973இலேயே பாப்பரசர் ஆறாம் பவுல் வழி திறந்திருந்தார் என்பது ரொறன்ரோவில் பங்குப் பயிற்சிக்குப் போனபோதுதான் தெரிந்தது. இப்போது ஆறு வருடமாக, சனிக்கிழமைகளில் ஒரு முதியோர் இல்லத்துக்குச் சிமிழ் கொண்டுபோகிறேன். மணி இல்லை, லாம்பு இல்லை. பனிக்கோட்டின் உள்பொக்கற்றில் சிமிழ். பஸ்ஸில் பக்கத்தில் வந்து அமரும் தெரிந்தவர் வீட்டு விலை பேசுவார். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். கர்வம் பிடித்தவன் என்று ஒரு பெயர் எனக்கு உண்டு.

தொடக்கத்தில் கோட்டைக் கழற்றாமலே செபம் சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு ஓடினேன். அதுதான் பயபக்தி என்று நினைப்பு. மூன்றாம் மாடியில் இருந்த நம் ஊர் அம்மா ஒருவர் ஒருநாள் கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, உம்மட முகத்தைப் பாத்தால், எனக்குச் சொல்லாமல் டொக்டர் உம்மட்டை ஏதோ சொல்லிப்போட்டார் போல கிடக்கு."

வெட்கமாகிவிட்டது. அன்று கோட்டைக் கழற்றிக் கதவில் கொழுவினேன். கதிரையை இழுத்துப் போட்டேன். மௌனம் முடிய நாய்க் கதை சொன்னேன்.

இப்போது ஒவ்வொரு முறையும் அந்தக் கதை வேண்டும் அவருக்கு. போன மாதம் ஏதோ யோசனையில் கறுப்பு நாய் என்று சொல்லிவிட்டேன். தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சிவலை எண்டெல்லோ சொன்னனீர்?"