திட்டு வேற, சொல்லிக்காட்டுறது வேற

"அவர் என்னைய திட்டலடி, கண்டிச்சாரு"ன்னு பஸ்ல பக்கத்து சீட் பொண்ணு போன்ல சொல்லுச்சு. என்ன கரெக்டா பிரிச்சிருச்சு!

திட்டுறதுக்கு கோவம் போதும், யாரு யாரை வேணா திட்டலாம். கண்டிக்க ஒரு உரிமை வேணும் (அறிக்கையில "வன்மையாக கண்டிக்கிற" கட்சிக்காரங்க இந்தக் கணக்குல வரமாட்டாங்க).

கடிஞ்சுக்கிறதுல கொஞ்சம் பாசம் இருக்கும். ஏசுறதுன்னா வாயில வந்ததெல்லாம்.

இடிச்சுச் சொல்றதுன்னு ஒண்ணு, அந்தக் காலத்துல ராஜாவுக்கே அமைச்சர் செய்யவேண்டிய வேலையா வெச்சிருந்தாங்க, இப்ப யாரு செய்றா?

எல்லாத்தையும் விட மோசம் சொல்லிக்காட்டுறதுதான். குரலே உசராது, சிரிச்சுக்கிட்டே கூட சொல்லலாம், எப்பவோ செஞ்ச உதவிய நாலு பேர் முன்னாடி எடுத்து வெச்சு...

அதுக்கு நல்லா திட்டு வாங்கிட்டே போயிடலாம்ப்பா.